நீலவேணி வாசலில் குதிரை இல்லை

செங்காட்டுப்பாக்கத்துக்கு முதல் குதிரை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி செய்கிற கொரியக் கம்பெனியின் கேன்டீனில், ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு மெதுவடையும் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அதைப் பார்த்து யாரும் டம்ளரைக் கீழே போடவில்லை, யாரும் ஐயோ அம்மா என்று கத்தவில்லை, வரிசையில் நின்றவர்கள் வரிசையைக்கூட விடவில்லை. விட்டால் வடை போய்விடும் என்பது ஒரு காரணம். தினம் ஒரு புது மெஷின் வந்து இறங்குகிற இடத்தில் ஒரு குதிரை வந்து நிற்பதில் பெரிதாக என்ன இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

அந்த நேரத்தில் நீலவேணி கேன்டீனின் மூலை மேசையில் உட்கார்ந்து தணிகாசலத்துக்குக் கொரிய மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே எட்டு வருஷமாக மொழிபெயர்ப்பாளர். கொரிய அதிகாரி பேசினால் தமிழில் சொல்ல வேண்டும், தமிழ் ஆள் பேசினால் கொரிய மொழியில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது, "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். அதிகாரி கோபப்பட்டால் நீலவேணி "எனக்குக் கோபம் வருகிறது" என்பாள், பாய்லர் ஆப்பரேட்டருக்கு மூலம் என்றால் "எனக்கு மூலம், மூன்று நாள் லீவு வேண்டும்" என்று கொஞ்சமும் முகம் மாறாமல் கொரிய மொழியில் சொல்வாள். இப்படி எட்டு வருஷம் ஊரார் எல்லோருடைய "நானை"யும் எடுத்து எடுத்துப் பேசியதில், சொந்தமாக வைத்திருந்த "நான்" எங்கே போனது என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது.

தணிகாசலம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். கொரியாவில் இருக்கும் தாய்த் தொழிற்சாலைக்கு மூன்று வருஷம் வேலை பழகப் போகிற ஆறு பேரில் அவனும் ஒருவன். அந்த ஆறு பேரின் பெயரையும் கம்பெனி முற்றத்தில் மைக் பிடித்துப் படித்தவளும் நீலவேணிதான். படிக்கும்போது ஆறாவது பெயருக்குக் கீழே தாள் வெறுமையாக இருந்ததைப் பார்த்து, ஏழாவதாக ஒரு பெயர் எழுத இடம் இருக்கிறதே என்று அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வருஷமாக அந்த நாட்டு வார்த்தைகளை வாயில் வைத்துக்கொண்டிருப்பவள் அந்த நாட்டை ஒரு தடவையும் பார்த்ததில்லை, அவளுடைய பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் அந்துருண்டை வாசத்தோடு சும்மா கிடந்தது.

அன்றைய பாடத்தில் ஒரு வார்த்தை வந்தது: மல்.

"பேச்சுக்கும் மல், குதிரைக்கும் மல்லா?" என்றான் தணிகாசலம், எண்ணெய்க் கறை படிந்த நோட்டில் எழுதிக்கொண்டே.

"ஆமா. பழைய ஆளுங்க பேச்சைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவாங்க, குதிரையைச் சுருக்கமா சொல்லுவாங்க. இப்ப யாரும் அதெல்லாம் பாக்கறதில்ல. தானியம் அளக்கறாங்களே, அந்த மரக்காலுக்கும் மல்தான்."

"அப்ப, உன் மல் எனக்குப் புடிச்சிருக்குன்னு சொன்னா அவன் இன்னான்னு எடுத்துப்பான் மேடம்?"

"இடத்தப் பாத்துப் புரிஞ்சிக்கணும் தணிகா. லாயத்துல நின்னுகினு சொன்னா குதிரை. கேன்டீன்ல உக்காந்துகினு சொன்னா பேச்சு."

அவன் பேனா முனையைக் கடித்தான். பிறகு, பெயர் வந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "எனக்கு அந்த ஊருக்குப் போவ பயமா கீது மேடம்."

சொல்லி முடிக்கவில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் செம்மண் நிறத்தில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது, கழுத்தை நீட்டி அவன் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தது, குடித்துவிட்டு உதட்டை நக்கியது.

கேட் செக்யூரிட்டி ஆரோக்கியசாமி ரிஜிஸ்டரோடு மூச்சு வாங்க ஓடி வந்தார். உள்ளே வருகிற எதுவும் அவர் நோட்டில் ஏறாமல் வந்ததில்லை, ஒரு தடவை மழையில் அடித்துக்கொண்டு வந்த தவளைகளைக்கூட எழுதியவர் அவர்.

"யாரோடது இது?"

"என் பேச்சு சார்," என்றான் தணிகாசலம்.

"கேட் வழியா வரலியே."

"வாய் வழியா வந்துச்சு."

ஆரோக்கியசாமி எழுதினார்: குதிரை ஒன்று, நேரம் 10.15, யாருடையது: தணிகாசலம், வந்த வழி: வாய். மேலாளர் யூன் சார் வந்து குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்த்தார், என்ன பேசியபோது வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார், கொரிய மொழியில் ஏதோ சொன்னார், நீலவேணி அதை எல்லோருக்கும் தமிழில் சொன்னாள்: "பேச்சு குதிரையாக வருவது எங்கள் பக்கத்தில் எப்போதோ ஓய்ந்துவிட்டது. இங்கே இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, கொள்ளு வையுங்கள்."

புதன்கிழமைக்குள் குதிரைகள் கம்பெனி மதிலைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டன. டெய்லர் யாகூப் பாய் ஒரு அம்மாளிடம் "ஜாக்கெட்டு டைட்டானது உங்க உடம்பால இல்லம்மா, நான்தான் தப்பா வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டார், உலகத்தில் எந்த டெய்லரும் சொல்லாத வார்த்தை அது, அதற்கு வந்தது பால் வெள்ளையில் ஆளுயரத்துக்கு ஒரு குதிரை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனாரும் அண்ணியும் தண்ணீர்க் குழாயடியில் எதிர்ப்பட்டார்கள், "உன் ரசம் மாதிரி எனக்கு வரல" என்று ஒருத்தி முணுமுணுக்க, குடத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பொட்டு வைத்த குதிரை வந்து நின்றது. போஸ்ட்மேனுக்கு வந்தது, பூக்கட்டும் சரோஜாவுக்கு வந்தது, எந்நேரமும் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்திருந்த நூலகருக்கு ஒரே மத்தியானத்தில் மூன்று வந்தன, அந்த மனுஷர் யாரிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரைக்கும் ஊர் தலையைப் பிய்த்துக்கொள்கிறது.

ஊர் ரொம்ப சீக்கிரமாக இதன் சூட்சுமங்களைப் பிடித்துக்கொண்டது. சும்மா பேசுகிற பேச்சுக்குக் குதிரை வராது. சாப்பிட்டாயா, வெயில் ஜாஸ்தி, பஸ் போயிடுச்சா என்பதற்கெல்லாம் குதிரை வந்தால் உலகம் தாங்காது. நெஞ்சிலிருந்து வருவதற்குத்தான் வரும். நெஞ்சறிந்து சொல்கிற பொய்க்கும் வரும், ஆனால் அந்தக் குதிரைக்கு நிழல் விழாது, கொள்ளு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், இரண்டு நாளில் வெயிலோடு வெயிலாகக் கரைந்துவிடும். கல்யாணத் தரகர் பரசுராமன் வீட்டு வாசலில் அப்படிப்பட்டவை ஒரு மந்தையே நின்றன, பிள்ளைகள் அவற்றின் வயிற்றுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்து விளையாடினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கிராம சபையில் ஒன்றரை மணி நேரம் பேசியதற்கு நாற்பது குதிரைகள் வந்தன, சாயங்கால வெயிலில் ஒன்றுக்கும் நிழல் இல்லை, கடைசியில் "இடுப்பு வலிக்குதுப்பா, உக்காந்துக்கறேன்" என்றார் பாருங்கள், அதற்கு வந்த நொண்டி மட்டக்குதிரைக்குத்தான் நீளமாக ஒரு நிழல் விழுந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

அப்புறம் எல்லாம் வழக்கமாகிவிட்டது. கடைகளில் துவரம்பருப்பைப் பின்னால் தள்ளிவிட்டுக் கொள்ளு மூட்டையை முன்னால் வைத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் குதிரைக்குச் சான்றிதழ் கொடுத்தார், தகப்பன் பெயர் என்ற இடத்தில் பேசியவர் பெயரைப் போட்டார். மாட்டு டாக்டர் முதல் நாள் கொம்பைத் தேடிவிட்டு இரண்டாம் நாள் தேடுவதை விட்டார். வாசல்களில் கோலம் பெரிதானது, குதிரை நிற்க இடம் விட்டு அதைச் சுற்றிப் போட வேண்டியிருந்ததே. ஏரியில் தண்ணீர் இல்லாத பக்கத்தைப் பஞ்சாயத்து ஒதுக்கிக் கொடுத்து, "மனம்விட்டுப் பேசுகிறவர்கள் தயவுசெய்து இங்கே வந்து பேசவும்" என்று ஒரு பலகை வைத்தது, சாயங்காலமானால் புருஷன் பெண்டாட்டிகள் கையில் சுண்டலோடு அங்கே போனார்கள், திரும்பி வரும்போது ஒன்றில் ஏறி வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்பதை விட்டுவிட்டு, வாசலில் எத்தனை நிற்கிறது, நிழல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள்.

நீலவேணி வாசலில் ஒன்றும் நிற்கவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை அந்த ஊரில் அவளைவிட அதிகமாகப் பேசுகிறவர் யாரும் கிடையாது. யூன் சார் ஒரு நாள் கூட்டத்தில், "பெண்களுக்கு ஓய்வறை கட்டுவோம், பொங்கலுக்குள் கட்டுவோம்" என்று கொரிய மொழியில் சொல்ல, நீலவேணி அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் தமிழில் சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெண்குதிரை வந்து நின்றது. அது யூன் சாரைப் பார்த்தது, நீலவேணியைப் பார்த்தது, அவள் கையை ஒரு தடவை முகர்ந்தது, அவளும் ஆசையாகக் கையை நீட்டினாள், குதிரை திரும்பி யூன் சார் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. அவருடைய வார்த்தைதானே. நியாயம்தான். ஆனாலும் நீட்டிய கையை மடக்கிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பேசியே பொழைக்கிற பொண்ணு, வாசல்ல ஒரு லத்திகூட இல்ல," என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அம்மா கன்னியம்மாவுக்கு அது தாங்கவில்லை. விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது, வழக்கம் விட்டுப் போகக் கூடாது என்று அவளும் நடுவில் குதிரைக்கு இடம் விட்டே போட்டாள்.

"நீலா, எதுனா ஒண்ணு சொல்லேண்டி. பெருசா வேணாம். ஒரு குட்டியாவது வந்து நிக்கட்டும்."

"இன்னாத்தம்மா சொல்றது?"

"உனுக்கு இன்னா வேணுமோ அத்த சொல்லு."

நீலவேணி பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தது இது: "இவங்களுக்கும் அந்த ஊருக்குப் போவ ஆசையா இருக்காம்." ஊராருக்கெல்லாம் "நான்" என்று பேசியவள், தனக்கென்று வந்தபோது கண்ணாடியில் தெரிந்த யாரோ ஒருத்திக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் மரியாதையாக வந்தது. மூன்றாம் தடவை சிரிப்பு வந்துவிட்டது, சிரித்து முடித்தபோது அழுகை வந்தது. குதிரை மட்டும் வரவில்லை.

தணிகாசலத்துக்கு அதற்குள் ஆறு குதிரைகள் ஆகியிருந்தன. பாடம் தவறாமல் நடந்தது. ஒரு நாள் அவன் சொன்னான்: "இப்பதான் புரியுது மேடம், ஏன் ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சான்னு. ரெண்டுமே வெளில வர்ற வரைக்கும்தான் கஷ்டம். வந்துடுச்சின்னா நம்மளத் தூக்கிகினு போயிடுது." நீலவேணி அவன் எழுதியதில் ஒரு தப்பைத் திருத்தினாள். திருத்தும்போது அவள் காது சிவந்திருந்ததை அவன் பார்த்தான், பார்த்ததை அவள் பார்த்தாள், இரண்டு பேரும் நோட்டைப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டு, ஆறு பேருக்கும் வழியனுப்பு விழா. வேன் தயாராக நின்றது. முந்நூறு பேர் குதிரைகளோடு வந்திருந்தார்கள், கன்னியம்மா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். யூன் சார் பேசினார், நீலவேணி சொன்னாள், பெண்குதிரையும் கேட்டுக்கொண்டு நின்றது. பிறகு ஆறு பேர் சார்பில் தணிகாசலம் மைக்கைப் பிடித்தான். யூன் சாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கொரிய மொழியில் பேசப்போவதாகச் சொன்னான், கூட்டம் விசிலடித்தது.

அவன் ஒரு வாக்கியம் சொல்வான், நிறுத்துவான், நீலவேணி தமிழில் சொல்வாள்.

"என் பெயர் தணிகாசலம்," என்றாள் நீலவேணி. கூட்டம் சிரித்தது. "நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எனக்குப் பயம் இருந்தது, இப்போது கொஞ்சம்தான் இருக்கிறது."

அடுத்த வாக்கியத்தை அவன் ரொம்ப நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். ஒரு தப்பும் இல்லை. நீலவேணி அதைக் கேட்டாள், முறை மாறாமல் வாயைத் திறந்தாள், மைக்கில் முந்நூறு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கு நீலவேணியை ரொம்பப் பிடிக்கும்."

கிளம்பியது பாருங்கள் ஒரு சிரிப்பு, பந்தல் கால் ஆடியது, யாகூப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார், "எங்களுக்கும் புடிக்கும் மேடம்!" என்று பாய்லர் ஆப்பரேட்டர் கத்தினார். தணிகாசலத்துக்குப் பின்னால் ஏழாவது குதிரை வந்து நின்றது, மாலை போட்டுக்கொண்டே வந்திருந்தது. நீலவேணிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அவன் இன்னொரு வாக்கியம் சொன்னான். அதையும் அவள் சொன்னாள், வேறு வழி?

"போவதற்கு முன்னால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும்."

மைக் அவள் முன்னால் இருந்தது. பழக்கத்தில் அவள் இடது பக்கம் திரும்பினாள், அடுத்து பேசப்போவது யார் என்று. யூன் சார் வாயைத் திறக்கவில்லை. வலது பக்கம் திரும்பினாள், தணிகாசலம் பேசி முடித்திருந்தான். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் முன்னால் பேசாத ஒரு வாக்கியத்தை அவள் சொல்ல வேண்டியிருந்தது. வழியனுப்புகிற இடத்தில் எல்லோரும் சொல்வதையே சொல்லிவைத்தாள்.

"எல்லாரும் நல்லபடியா போயிட்டு வாங்க."

வந்தது ஒரு குதிரை. அழகென்றால் அப்படி ஓர் அழகு, பிடரியில் சரிகை வைத்து நெய்தது போல இருந்தது. நீலவேணியின் முதல் குதிரை! கூட்டம் ஆரவாரிக்கப் போனது, போன வாய் அப்படியே நின்றது. மூன்று மணி வெயிலில், முற்றத்து சிமெண்டில், அதற்கு நிழல் இல்லை.

"அது நம்ம வூட்டுக்கு வேணாண்டி நீலா," என்றாள் கன்னியம்மா முன்வரிசையிலிருந்து, ரொம்ப மெதுவாக, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

நீலவேணி அந்தக் குதிரையைப் பார்த்தாள். அவமானத்தில் அவளுக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. வேன் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தான். இந்த வேன் போய்விட்டால் மூன்று வருஷம், பீரோவில் அந்துருண்டை வாசம், கண்ணாடியில் யாரோ ஒருத்திக்காகப் பேசிக்கொண்டு நிற்பது. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் போவணும்."

மைக் கீச்சென்றது. "எனக்கும் அந்த ஊருக்குப் போவணும். எட்டு வருஷமா அவங்க வார்த்தைய வாயில வச்சிகினு கீறேன், ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. லிஸ்ட் படிக்கறப்ப ஏழாவது பேரு எங்க எங்கன்னு தேடுனேன். தணிகா, உன்னை எனக்குப் புடிக்கும், ரொம்ப நாளா புடிக்கும், ஆனா உனக்கோசரம் மட்டும் நான் கேக்கல. எனக்கோசரம் கேக்கறேன்."

முதலில் சத்தம்தான் வந்தது. நெடுஞ்சாலைப் பக்கமிருந்து, டோல்கேட்டைத் தாண்டி, லாரிகளை ஓரங்கட்டிக்கொண்டு, எட்டு வருஷமாக வராத குதிரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்தன, செவலையும் கறுப்பும் சாம்பலும், குளம்பில் தூசியும் பிடரியில் காற்றுமாகக் கேட்டுக்குள் புகுந்து முற்றத்தை நிறைத்தன, பந்தலைத் தலையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தன, ஒவ்வொன்றும் தன் நிழலை ஒரு கம்பளம் போல இழுத்துக்கொண்டு வந்தது. நிழல் இல்லாத அந்த அழகுக் குதிரை எங்கே போனதென்று யாரும் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமி ரிஜிஸ்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று எழுதினார், நீலவேணி, நீலவேணி, நீலவேணி என்று எழுதிக் கை ஓய்ந்து, பிறகு மேற்படி, மேற்படி என்று பக்கம் பக்கமாகப் போட்டார்.

யூன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. கைவிரித்துக்கொண்டு நீலவேணியைப் பார்த்தார், அவருக்கு யார் சொல்வது? மொழிபெயர்ப்பாளரே பேசிவிட்டால் மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள்? நீலவேணி கண்ணைத் துடைத்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், நிமிர்ந்து நின்றாள், முதலிலிருந்து கடைசிவரை தான் சொன்னதையே கொரிய மொழியில் சொன்னாள். முறை மாறாமல் "நான்" என்றே சொன்னாள். வாய்க்குப் பழகிய அந்தச் சின்ன வார்த்தை அன்றைக்கு அவளைத் தேடிக்கொண்டு வந்து அவளிடமே உட்கார்ந்தது. தணிகாசலத்தைப் பற்றிய இடம் வந்தபோது மட்டும் குரல் தடுக்கியது, யூன் சார் சிரிப்பை மறைக்கத் தரையைப் பார்த்தார்.

பிறகு அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்னா சொன்னாரு? இன்னா சொன்னாரு மேடம்?" என்று முந்நூறு பேரும் கத்தினார்கள்.

நீலவேணி சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, மைக்கில் சொன்னாள்: "சரி."

விசா வர இருபது நாள் ஆனது, வேன் அன்றைக்கு ஆறு பேரோடுதான் போனது, தணிகாசலம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டே போனான் என்பதெல்லாம் பிற்பாடு நடந்தது. அந்த "சரி"க்கு வந்த குதிரை எங்கே என்று எல்லோரும் பார்த்தபோது, மந்தையை விலக்கிக்கொண்டு ஒரு பழுப்புப் பெண்குதிரை வந்தது, அதன் பின்னால் காலை எப்படி ஊன்றுவதென்று இன்னும் தெரியாத ஒரு குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்தது. தாய் யூன் சாரிடம் போய் நின்றது. குட்டி அங்கே போகவில்லை. நேராக வந்து, நீலவேணி நீட்டாத கையைத் தேடி, மூக்கை வைத்துத் தள்ளியது.

ஆரோக்கியசாமி பக்கத்தைத் திருப்பினார். "மேடம், சொன்னது அவரு. குட்டிய யாரு பேர்ல போடட்டும்?"

"என் பேர்ல," என்றாள் நீலவேணி.